தூரம் 13,993 கி.மீ.; நேரம் யார் கையில்?

புது தில்லி: பெங்களூரு கெம்பேகௌடா சர்வதேச விமான நிலையத்துக்கும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர் வான்தூரம் 13,993 கிலோ மீட்டர். 2021 ஜனவரியில் இவ்விரு நகரங்களையும் ஏர் இந்தியா இடைநில்லா விமானத்தால் இணைத்தபோது இருந்த தூரம் இதுதான். 2026 மார்ச் 1 முதல் அந்தச் சேவையை விலக்கிக் கொள்வதாக அந்நிறுவனம் அறிவித்தபோதும் இதே தூரம்தான்.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தூரம் ஒரு கிலோ மீட்டர்கூட மாறவில்லை. மாறியது நேரம். நேரத்தோடு எரிபொருள் செலவு மாறியது; செலவோடு சேவையின் தலைவிதியும் மாறியது.

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இயற்கை தீர்மானிக்கிறது. அதைக் கடக்க ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பவை தில்லி, இஸ்லாமாபாத், மாஸ்கோ, பெய்ஜிங், வாஷிங்டன் ஆகிய தலைநகரங்கள். விமானத்தின் வேகம் இதில் ஒரு சிறு பங்குதான் என்பதைப் பெங்களூரு விமானத்தின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

பூமியின் மறுபக்கம்

பெங்களூருவும் சான்பிரான்சிஸ்கோவும் ஏறத்தாழ உலகின் எதிரெதிர் முனைகளில் உள்ளவை. இரண்டுக்கும் இடையே குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு. இங்கே பொழுது விடியும்போது அங்கே முந்தைய நாள் மாலை. ஆயினும் தகவல் தொழில்நுட்பத் துறை இவ்விரு நகரங்களையும் ஒரே அலுவலகத்தின் இரு அறைகளைப் போல ஆக்கிவிட்டது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் தலைமையகம், பெங்களூருவில் பொறியாளர்கள் என்ற ஏற்பாடு கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கிறது.

ஆனால், இந்த இரு அறைகளுக்கும் இடையே நேரடி வழி நெடுநாள்களாக இல்லை. பிராங்க்பர்ட், லண்டன், துபை, சிங்கப்பூர் என ஏதேனும் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டியிருந்தது. காத்திருப்பையும் சேர்த்தால் பயணம் இருபது மணி நேரத்தைத் தாண்டும்.

2021 ஜனவரி 9 அன்று இரவு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 777-200எல்ஆர் ரக விமானம், வட துருவப் பாதையில் பறந்து ஜனவரி 11 அதிகாலை பெங்களூருவில் தரையிறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்களாக இருந்தது அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அந்த விமானத்தில் 238 இருக்கைகள் இருந்தன. இந்திய விமான நிறுவனம் ஒன்று இயக்கிய மிக நீண்ட தூர சேவைகளுள் அதுவும் ஒன்று.

அட்டவணைப்படி பெங்களூருவில் பிற்பகல் இரண்டரை மணிக்குப் புறப்பட்ட பயணி, அதே நாள் மாலை 5 மணிக்கு சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினார். கடிகாரத்தின்படி இரண்டரை மணி நேரம். உண்மையில் 16 மணி நேரம். திரும்பி வரும் பயணத்துக்கு 17 மணி நேரத்துக்கும் மேல். ஒரே தூரத்துக்கு இரு வேறு நேரங்கள் என்பதே இந்தக் கணக்கின் முதல் பாடம்.

சுற்றிச் சென்றால் சீக்கிரம்

குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நீண்ட தூர விமானங்களைப் பொருத்தவரை இது எப்போதும் உண்மையன்று. வான்வெளியின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்தை அது பின்னிருந்து தள்ளுகிறது. மேற்கு நோக்கிச் செல்வதை எதிர்த்து நிற்கிறது.

தில்லி - சான்பிரான்சிஸ்கோ சேவை இதற்குத் தக்க சான்று. 2015 டிசம்பரில் தொடங்கிய அச் சேவை முதலில் அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கி.மீ. பறந்து சென்றது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா பாதையை மாற்றி, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சென்றது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியது. ஆனால், பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி நேரமானது. 1,400 கி.மீ. கூடுதலாகப் பறந்து இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்தது அந்த விமானம்.

பெங்களூரு விமானத்துக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பூமி உருண்டையின் மீது பெங்களூருவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர்கோடு இழுத்தால் அது இமயமலை, திபெத் பீடபூமி, சைபீரியா, ஆர்க்டிக் விளிம்பு, அலாஸ்கா வழியாகச் செல்லும். ஆனால், திபெத் பீடபூமியின் மீது பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் பறப்பதில்லை. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனடியாக 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்தின் தரையே அதைவிட உயரமானது. எனவே, மேற்கே வளைந்து மத்திய ஆசியா வழியாகவோ, கிழக்கே வளைந்து வங்கக் கடல், சீனா, பசிபிக் வழியாகவோ சென்றாக வேண்டும்.

எந்தப் பக்கம் வளைந்தாலும் வேறொரு நாட்டின் வானத்தைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்பது 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. இங்குதான் இயற்கையின் கணக்கு முடிந்து அரசியலின் கணக்கு தொடங்குகிறது.

மாஸ்கோ மூடிய வானம்

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் ரஷிய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. ரஷியாவும் பதிலுக்கு மூடியது. உலகின் மிகப் பெரிய நிலப்பரப்பைக் கொண்ட நாட்டின் வானம், ஒரு வார காலத்துக்குள் மேற்கத்திய விமானங்களுக்கு இல்லாமல் போனது.

அதன் விளைவு பெங்களூருவிலும் தெரிந்தது. சியாட்டில் - பெங்களூரு நேரடி சேவையைத் தொடங்கப்போவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2020 பிப்ரவரியில் அறிவித்திருந்தது. கரோனா காரணமாகத் தள்ளிப்போன அத் திட்டம், ரஷிய வான்வெளி மூடப்பட்ட பின் கிடப்பில் போடப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு யுனைடெட் ஏர்லைன்ஸ் அறிவித்திருந்த சேவையும் தொடங்கவே இல்லை. இந்திய - அமெரிக்க வான்வழி ஒப்பந்தம் இதற்குத் தடையாக இல்லை. 2005 ஏப்ரலில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட திறந்தவெளி ஒப்பந்தத்தின்படி எந்த நிறுவனமும் எத்தனை விமானங்களையும் இயக்கலாம். உரிமை இருந்தது, வழிதான் இல்லை.

மாஸ்கோவுடனான நட்பின் காரணமாக ஏர் இந்தியாவுக்கு ரஷிய வானம் திறந்தே இருந்தது. அமெரிக்க நிறுவனங்கள் சுற்றிச் செல்ல, இந்திய விமானங்கள் நேரே சென்றன. தில்லியின் வெளியுறவுக் கொள்கை, ஒரு விமான நிறுவனத்தின் வரவு - செலவுக் கணக்கில் நேரடியாக வரவாகப் பதிவானது.

இந்தச் சலுகைக்கும் ஒரு விலை இருந்தது. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம், என்ஜின் கோளாறு காரணமாக ரஷியாவின் கிழக்குக் கோடியில் உள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் 16 ஊழியர்களும் அங்கு தங்க நேர்ந்தது. மாற்று விமானம் வந்து அவர்களை அழைத்துச் சென்றது ஜூன் 8-ல்தான். 2024 ஜூலையில் அதே தடத்தில் சென்ற மற்றொரு விமானம் ரஷியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் இறங்கியது. குறுக்கு வழியில் செல்பவர், அவ்வழியில் தடுக்கி விழுந்தால் உதவிக்கு யார் வருவார் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

இஸ்லாமாபாதின் பூட்டு

கிழக்கே ரஷியா திறந்த கதவு என்றால், மேற்கே பாகிஸ்தான் பூட்டிய கதவு. 2019 பிப்ரவரி 26 அன்று பாலாகோட் தாக்குதல் நடந்தது. மறுநாளே பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. அது முழுமையாகத் திறக்கப்பட்டது ஜூலை 16-ல். ஏர் இந்தியாவுக்கு ஜூலை 2 வரை மட்டும் ரூ. 491 கோடி இழப்பு என்று அப்போதைய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி மாநிலங்களவையில் தெரிவித்தார். அன்று ஏர் இந்தியா அரசு நிறுவனம். இழப்பு அரசுக் கருவூலத்தின் இழப்பு. பாகிஸ்தானும் தப்பவில்லை. தங்கள் இழப்பு 850 கோடி பாகிஸ்தான் ரூபாய் என்று அந்நாட்டு அமைச்சர் ஒப்புக்கொண்டார்.

2025-ல் நிலைமை அதைவிடக் கடுமையானது. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தைப் பாகிஸ்தான் மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பதிலடியாக மூடியது. ஒவ்வொரு மாதமும் இரு நாடுகளும் தடையை நீட்டித்துக்கொண்டே வந்தன. ஆண்டு முடியும் வரையிலும் பூட்டு திறக்கப்படவில்லை.

2022 ஜனவரி 27 முதல் ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கையில் உள்ளது. தடை ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என்று அந்நிறுவனம் ஏப்ரல் இறுதியிலேயே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. இழப்புக்கு ஏற்ற மானியமும் கோரியது. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. செப்டம்பர் 1 முதல் தில்லி - வாஷிங்டன் சேவை நிறுத்தப்பட்டது. இண்டிகோ நிறுவனம் அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை நிறுத்தியது. அமதாபாதில் 2025 ஜூன் 12 அன்று நேர்ந்த கோர விபத்துக்குப் பின் பெரிய விமானங்களின் சர்வதேச சேவைகளை 15 சதவீதம் குறைக்க வேண்டிய நிலையும் ஏர் இந்தியாவுக்கு ஏற்பட்டது.

தென்னிந்தியாவிலிருந்து புறப்படும் விமானத்துக்கும் பாகிஸ்தானுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். திபெத்தின் மீது பறக்க முடியாததால், மேற்கு வழியாக ரஷியாவையோ மத்திய ஆசியாவையோ அடைய விரும்பும் இந்திய விமானத்துக்குப் பாகிஸ்தான் ஒரு வாசல். அது அடைபட்டால் அரபிக் கடல், ஈரான் எனச் சுற்ற வேண்டும். அல்லது கிழக்கே வளைய வேண்டும். ஏற்கெனவே எரிபொருளின் எல்லையில் பறந்துகொண்டிருந்த விமானத்துக்கு இந்தச் சுற்று தாங்காது.

2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட தகவலின்படி, பெங்களூரு, மும்பை நகரங்களிலிருந்து சான்பிரான்சிஸ்கோ செல்லும் சேவைகள் கொல்கத்தாவில் இறங்கிச் செல்வது உள்பட மூன்று மணி நேரம் வரை நீண்டு, கட்டுப்படியாகாத நிலையை எட்டிவிட்டதாக ஏர் இந்தியா குறிப்பிட்டிருந்தது. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உள்ள ராணுவக் கட்டுப்பாட்டு வான்வெளியைப் பயன்படுத்த பெய்ஜிங்கிடம் அனுமதி பெற்றுத் தருமாறு மத்திய அரசை அந்நிறுவனம் நாடியதும் அச் செய்தியில் வெளியானது. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் இந்தியா - சீனா இடையே நேரடி விமானங்களே 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியிருந்தன என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இடைநில்லா சேவை என்று பயணச்சீட்டு வாங்கியவர் கொல்கத்தாவில் நின்றார். அதன் பின் சேவையே நின்றது.

ஒரு மணி நேரத்தின் விலை

பயணிக்கு ஒரு மணி நேரம் என்பது இன்னொரு திரைப்படம் பார்க்கும் நேரம். நிறுவனத்துக்கு அது வேறு கணக்கு. இத்தகைய பெரிய விமானம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு டன் எரிபொருளை எரிக்கிறது. கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் தேவை. எடை வரம்பை மீற முடியாது என்பதால் சரக்கையோ பயணிகளையோ குறைக்க வேண்டும். வழியில் இறங்கினால் தரையிறங்கும் கட்டணம். விமானிகளின் பணி நேர வரம்பு தாண்டினால் மாற்று விமானிகள். விமானம் தாமதமாகத் திரும்பினால் அடுத்த பயணமும் குலைகிறது.

இவ்வாறு இழப்பு பெருகும்போது எந்தச் சேவை முதலில் வெட்டப்படும்? மிக நீண்டதும், மாற்று வழி உள்ளதுமான சேவைதான். தில்லி - சான்பிரான்சிஸ்கோ தூரம் பெங்களூருவிலிருந்து செல்வதைவிட 1,500 கி.மீ.க்கும் மேல் குறைவு. எனவே, தென்னகப் பயணியைத் தில்லிக்கு வரவழைத்து அங்கிருந்து அனுப்புவது நிறுவனத்துக்கு லாபம். பயணிக்கோ பெங்களூரு - தில்லி இடையே சுமார் 1,700 கி.மீ., ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம், அதன் பின் காத்திருப்பு ஆகியவை கூடுதல் சுமை.

வடமேற்கு எல்லையில் நிகழும் மோதலின் விலையை நாடு முழுவதும் சுமப்பது இயல்பே. தேசப் பாதுகாப்பு தொடர்பான முடிவை விமான நேரத்தைக் கொண்டு எடைபோட முடியாது. ஆனால், அந்த விலை எப்படிப் பகிரப்படுகிறது என்பது அரசியல் கேள்வியே. தலைநகரின் சேவை காக்கப்பட்டு, தெற்கின் சேவை முதலில் வெட்டப்படும்போது அக் கேள்வி மேலும் கூர்மையடைகிறது.

கொழும்பு காட்டும் பழைய கணக்கு

வானத்தைப் பூட்டுவது பாகிஸ்தான் மட்டுமே கையாளும் ஆயுதமன்று. 1971 ஜனவரி 30 அன்று இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' விமானம் கடத்தப்பட்டு லாகூர் கொண்டு செல்லப்பட்டது, அங்கு எரிக்கப்பட்டது. அதையடுத்து 1971 பிப்ரவரியில் பாகிஸ்தான் விமானங்கள் தன் மீது பறப்பதை இந்தியா தடை செய்தது.

அன்று பாகிஸ்தான் இரு துண்டுகளாக இருந்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு இந்தியாவின் மீது பறந்து சென்ற விமானங்கள், அதன் பின் இந்தியத் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு கொழும்பு வழியாகச் செல்ல நேர்ந்தது. ஒரே நாட்டின் இரு நகரங்களுக்கு இடையே இருந்த பயணம் வெகுவாக நீண்டது. வங்கதேசம் பிறந்த ஆண்டில், மேற்கு பாகிஸ்தானுக்கும் கிழக்குக்கும் இடையே இருந்த மன தூரத்தோடு வான் தூரமும் சேர்ந்துகொண்டது.

பாகிஸ்தான் இப் பிரச்னையை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் கொண்டு சென்றது. அந்த அமைப்புக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்ற இந்தியாவின் வாதத்தை சர்வதேச நீதிமன்றம் 1972 ஆகஸ்ட் 18 அன்று நிராகரித்தது. ஆயினும், இறுதியில் 1976-ல் இரு நாடுகளும் பேசித்தான் வானத்தைத் திறந்தன. வான்வெளித் தடைக்கு நீதிமன்றத்தைவிடப் பேச்சுவார்த்தை மேசையே தீர்வு தந்தது என்பது அந்த அனுபவம்.

துபை வழியும் அளந்தே

நேரடி வழி இல்லையென்றால் வளைகுடா வழியாகச் செல்லலாமே என்பது இயல்பான பதில். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பாகிஸ்தானின் தடை இல்லை. இந்திய நிறுவனம் சுற்றிச் செல்லும் அதே வேளையில், துபையின் விமானம் நேரே பறக்கிறது.

ஆனால், அந்த வழியும் தில்லியில் அளந்து கொடுக்கப்படுகிறது. இந்தியா - துபை இடையே வாரத்துக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 66,000 இருக்கைகள் என்ற வரம்பு 2014-ல் வகுக்கப்பட்டது. அதை உயர்த்துமாறு துபை பல ஆண்டுகளாகக் கோரிவந்துள்ளது. இந்தியப் பயணிகளை வெளிநாட்டு மையங்கள் அள்ளிச் செல்வதைத் தடுத்து, இந்திய விமான நிலையங்களையே சர்வதேச மையங்களாக வளர்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு.

கொள்கையளவில் இதில் நியாயம் உண்டு. ஆனால், அது ஒரு நிபந்தனையின் மீது நிற்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மறுக்கப்படும் பயணியை ஏற்றிச் செல்ல இந்திய நிறுவனத்திடம் விமானம் இருக்க வேண்டும். அது பெங்களூருவிலிருந்து விலகிக்கொண்டால், மையமாக வளர்வது தில்லி மட்டுமே. தமிழகத்தின் எந்த விமான நிலையத்திலிருந்தும் அமெரிக்காவுக்கு இடைநில்லா சேவை இதுவரை தொடங்கப்பட்டதில்லை. தென்னகத்துக்கு இருந்த அமெரிக்க வாசல்களுள் ஒன்று பெங்களூரு.

இருபத்தேழு மணி நேரம்

பயண நேரம் என்பது வசதியைப் பற்றிய கணக்கு மட்டும்தானா? 2025 செப்டம்பரில் நிகழ்ந்தது அதற்கு விடை தருகிறது. செப்டம்பர் 19 அன்று எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்டார். செப்டம்பர் 21 நள்ளிரவு கடந்த முதல் நிமிடத்தில் அது நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. இந்திய நேரப்படி அது ஞாயிறு காலை 9.31. விடுமுறையில் வந்திருந்த ஊழியர்களை உடனே திரும்புமாறு பெரிய அமெரிக்க நிறுவனங்கள் அறிவுறுத்தின.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு இச் செய்தியைப் பார்த்த ஓர் இளைஞருக்குக் கிடைத்தது இருபத்தேழரை மணி நேரம். விமான நிலையத்துக்குச் செல்ல இரண்டு மணி நேரம், சோதனைகளுக்கு மூன்று மணி நேரம் போனால் எஞ்சுவது சுமார் இருபத்திரண்டு மணி நேரம். 16 மணி நேர நேரடி விமானம் என்றால் கெடுவுக்குள் போய்ச் சேரலாம். எங்கோ ஓர் ஊரில் இறங்கி ஏழெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் முடியாது. ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்கு இக் கட்டணம் பொருந்தாது என்று வெள்ளை மாளிகை பின்னர் விளக்கம் அளித்தது. ஆனால், அதற்குள் பலர் விமானச் சீட்டுக்காக ஓடிவிட்டனர். அனுமதிக்கப்படும் எச்-1பி விசாக்களில் சுமார் 70 சதவீதம் இந்தியர்களுக்கே கிடைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நேரடி விமானம் சொகுசா அல்லது தேவையா என்ற விவாதத்துக்கு இடமில்லை.

வீட்டு வாசலில் தொடங்கும் பயணம்

கடல் கடந்த பயணத்தின் நேரத்தை மாஸ்கோவும் இஸ்லாமாபாதும் தீர்மானிக்கலாம். வீட்டிலிருந்து விமானம் வரையிலான நேரத்தைத் தீர்மானிப்பது தில்லியேதான். இதற்கு ஒசூர் சாட்சி.

2008 மே 24 அன்று பெங்களூரு நகருக்குள் இருந்த எச்ஏஎல் விமான நிலையம் வழக்கமான பயணிகள் சேவைக்கு மூடப்பட்டு, வடக்கே தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. நகரின் தெற்கு எல்லையை ஒட்டிய ஒசூரிலிருந்து அங்கு செல்ல ஏறத்தாழ 80 கி.மீ. தூரம் பெங்களூரு நெரிசலைக் கடக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தினருக்கும் அதுவே வழி. ஆண்டுக்கு 4 கோடிக்கும் அதிகமானோர் வந்து செல்லும் அந்த விமான நிலையத்தின் பயணிகளில் தமிழகத்தின் மேற்கு, வட மாவட்டத்தினரும் கணிசமாக உண்டு.

ஒசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என 2024 ஜூன் 27 அன்று தமிழக சட்டப்பேரவையில் முதல்வராக மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆனால், பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் மத்திய அரசு 2004-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. வான்தூரத்துக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு சர்வதேச விமான நிலையத்தை அனுமதிப்பதில்லை என்பது அதன் விதி. அதாவது 2033 மே வரை. அந்த 150 கி.மீ. வட்டத்துக்குள் தமிழக நிலமும் அடங்கும்; ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோர் வரிசையில் தமிழகம் இல்லை.

13,993 கி.மீ. தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை இரு அண்டை நாடுகளின் பகை நீட்டுகிறது என்றால், 80 கி.மீ. தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை ஒரு தாள் நீட்டுகிறது.

செய்யக்கூடியவை

எல்லைப் பகை ஒரே நாளில் தீராது. ஆனால், மத்திய அரசால் செய்யக்கூடியவை சில உண்டு. 2019-ல் செய்ததைப் போல, வான்வெளித் தடையால் எந்தெந்த நகரங்களின் சேவைகள் எவ்வளவு பாதிக்கப்பட்டன என்பதை நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் வெளியிடலாம். நிறுவனத்துக்கு இழப்பீடு வழங்குவதென்றால், விலக்கிக் கொள்ளப்பட்ட தடங்களை மீட்பதை அதற்கு நிபந்தனையாக்கலாம். இந்திய நிறுவனம் கைவிட்ட நகரங்களுக்கு மட்டுமாவது வெளிநாட்டு இருக்கை வரம்பைத் தளர்த்தலாம். ஒசூர் விதியை 2033 வரை காத்திராமல், மூன்று தரப்பையும் அமர்த்திப் பேசலாம்.

வான்வழிப் பாதை என்பது விமான நிறுவனத்தின் வணிகச் சிக்கல் என்று ஒதுக்கிவிடும் போக்கு தலைநகரில் நெடுநாளாக உண்டு. ரஷிய வானம் திறந்திருந்ததால் கிடைத்த லாபம் வெளியுறவுத் துறையின் வெற்றி என்றால், பாகிஸ்தான் வானம் மூடியதால் வந்த இழப்பும் அரசின் கணக்கில்தான் வர வேண்டும்.

பெங்களூருவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கும் பயணி, உண்மையில் விமான நிறுவனத்திடம் கேட்கவில்லை. அக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடம் தில்லி.